ஒயர் தெரியக் கூடாது!

பைக்கை வெட்டி ஒட்டிப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு கொள்கைதான்: ஒயர் தெரியக் கூடாது. எஞ்சின் தெரியலாம், செயின் தெரியலாம், பின்னால் உட்காருகிறவனுக்குச் சக்கரம் முதுகில் சேறு அடிப்பதுகூடத் தெரியலாம். ஒயர் மட்டும் தெரிந்தால் மானம் போய்விடும்.

என் மச்சானும் அந்தக் கட்சி. கோயம்புத்தூரில் அவன் கட்டிக்கொண்டிருப்பது ஒரு ராஜ்தூத் 350. யமஹா ஆர்.டி. 350 வண்டியை எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983 முதல் அந்தப் பெயரில் இங்கே தயாரித்து விற்றது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். பெட்ரோல் குடிக்கிறது என்று அன்றைக்கு ஓடியவர்கள் எல்லாரும் இன்றைக்கு அது கிடைக்குமா என்று அலைகிறார்கள். மச்சானுக்குக் கிடைத்தது. கிடைத்ததும் அவன் செய்த முதல் வேலை, அது ராஜ்தூத் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. இவன் வண்டிக்கும் ஆர்.சி.க்கும் பொதுவாக மிஞ்சியது எஞ்சின் நம்பரும் ஓனர் பெயரும்தான்.

சீட்டை வெட்டினான், டேங்கை மாற்றினான், ஃபிரேமுக்கு அடர்த்தியாகப் பவுடர் கோட்டிங் அடித்தான். பழைய ஒயரிங்கை மொத்தமாக உருவிப் போட்டான். புது ஒயர் எல்லாம் கறுப்பு. தப்பித்தவறித் தெரிந்தாலும் அழகாகத் தெரியட்டும் என்று. டேங்குக்கு அடியில் இருந்த இரண்டு இக்னிஷன் காயிலும் புது டேங்கில் இடித்ததால், அவை சீட்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டிக்குள் போய் ஒளிந்தன.

காயில் செய்யும் வேலை லேசுப்பட்டதல்ல. உள்ளே இரும்பைச் சுற்றிச் சில நூறு சுற்றுத் தடித்த கம்பி. அதோடு பல ஆயிரம் சுற்று முடி போன்ற கம்பி. எஞ்சினில் சுவிட்ச் போலத் திறந்து மூடும் பாயிண்ட் மூடியிருக்கும்போது 12 வோல்ட் தடித்த கம்பியில் ஓடி இரும்பைக் காந்தமாக்கும். பாயிண்ட் திறந்த நொடியில் அந்தக் காந்தம் சரிந்து, மெல்லிய கம்பியில் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாகக் கிளம்பிப் பிளக்கில் பொறியாக விழும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு நூறு தடவை இது நடக்க வேண்டும்.

இந்தக் காயிலுக்கு மூலபுருஷர் ஒரு பாதிரியார். அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் நிக்கோலஸ் காலன் என்பவர் 1836-இல் இதைச் செய்தார். ஷாக் எவ்வளவு என்பதை மாணவர்களை வைத்தே சோதிப்பாராம். அப்படி மயங்கி விழுந்த மாணவர் ஒருவர் பின்னாளில் டப்ளின் பேராயரானார் என்று சொல்வார்கள். நம் ஒர்க்‌ஷாப்புகளிலும் அந்த மரபு அழியவில்லை. “கரண்டு வருதான்னு பிளக் ஒயரைப் புடிச்சுப் பாருடா” என்று பையனிடம் சொல்லிவிட்டுக் கிக்கரை மிதிக்கும் மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். பையன்கள்தாம் பேராயர் ஆவதில்லை.

மச்சான் வண்டியில் ஹெட்லைட் எரிந்தது, ஹாரன் அடித்தது, பிளக்கில் மட்டும் பொறி இல்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். ஒருவர் கன்டென்சர் என்றார், ஒருவர் பாயிண்ட் என்றார், பெட்ரோலில் தண்ணீர் என்றும் ஒருவர் சொன்னார். பொறிக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை; வயதில் பெரியவர்.

கடைசியில் வந்தவர் ஒரு பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன். மீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் வைத்தார்.

“எர்த்து எங்க தம்பி?”

“ஃபிரேம்தானுங்கய்யா எர்த்து.”

“ஃபிரேமுக்குத்தான் பெயிண்டில் கம்பளி போத்தி வெச்சிருக்கியே. கரண்டு எப்படிப் போகும்?”

லைட்டுக்கும் ஹாரனுக்கும் மைனஸ் ஒயர் நேராகப் பேட்டரிக்குப் போனதால் அவை பிழைத்தன. பாயிண்ட் எஞ்சினில் இருக்கிறது. எஞ்சினோ பவுடர் கோட்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தடியாக ஒரு ஒயர் இழுக்கச் சொன்னார்.

“வெளியே தெரியுங்களேய்யா…”

“தெரியட்டும். வண்டி ஓடுறதும் தெரியட்டும்.”

பொறி வந்தது. கிக்கரை மிதித்தால் ஸ்டார்ட் ஆகாமல் சைலன்ஸரில் வெடித்தது. எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு ஓடி வந்து, “யாருங்க போயிட்டாங்க?” என்றார். இந்த எஞ்சினில் ஒரு பிஸ்டன் மேலே போகும்போது இன்னொன்று கீழே இருக்கும். அதனால்தான் இரண்டு பாயிண்ட், இரண்டு காயில். இடது காயிலுக்கு ஆரஞ்சு, வலதுக்குச் சாம்பல் நிற ஒயர் என்று யமஹாக்காரர்கள் வைத்தது சும்மா அல்ல. எல்லாமே கறுப்பு என்றால் இடம் வலம் மாறாமல் என்ன செய்யும்? பிஸ்டன் அடியில் கிடக்கும்போது பொறி விழுந்துகொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் இரண்டையும் மாற்றிப் போட்டார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. மச்சான் உடனே போட்டோ எடுக்க வேண்டும் என்று எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை ஆனிலேயே விட்டான். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் வழியாக மூன்று ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல வெளிச்சத்துக்கு அவன் காத்திருந்ததில் ஒரு காயில் பொசுங்கியது.

புதுக் காயில் வாங்கப் போன கடையில், பாயிண்ட் இல்லாத சி.டி.ஐ. வண்டியின் காயிலை நீட்டி, “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார்கள். பார்க்க ஒன்றுதான். ஆனால் அதைப் பாயிண்ட் வண்டியில் மாட்டினால் பாயிண்ட் கருகிவிடும். ஆகவே, வண்டி கட்டுகிறவர்களே, காயில் வாங்கப் போகும்போது பையில் ஒரு மீட்டர் இருக்கட்டும். 12 வோல்ட் பாயிண்ட் வண்டிக்குப் பிரைமரி, அதாவது அந்தத் தடித்த கம்பி, நாலு ஓம் வாக்கில் காட்ட வேண்டும். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால், கடைக்காரர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.