சிலிண்டருக்கு ஓய்வு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேலம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஒழித்துக்கட்டச் சொன்னது. சில மாதத்திலேயே சென்னையில் அந்த உத்தரவுக்குத் தடை விழுந்தது. கருவேலத்துக்கு இரண்டு தகவலும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

அதை வெட்டி அடுக்கி, மண் மூடி, நாள்கணக்கில் புகையவிட்டால் கரிமூட்டம். கரி லாரி ஏறி வெளியூர் போகும். அங்கே கம்பியில் கோத்த கோழி அதில் வாட்டப்பட்டு, பார்பிக்யூ என்ற பெயரில் நம் ஒருநாள் கூலியைக் கேட்கும்.

கரியாகாத கருவேலம் ஊருக்குள் விறகாகும். 2016-ல் ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு தர உஜ்வாலா திட்டம் வந்தது. அதற்கு முன்பே இலவச கேஸ் அடுப்பும் வந்தாயிற்று. ஆனாலும் பல வீடுகளில் 14.2 கிலோ சிலிண்டர் விருந்தாளிக்குக் காப்பி போட மட்டும். வெந்நீரும் உலையும் கொல்லைக் கொடியடுப்பில்தான். ஊதாங்குழலை ஊதி, கண் சிவந்து, இருமிக்கொண்டே, "விறகுச் சோத்து ருசி வருமாய்யா?" என்பார்கள். ருசி கிடக்கட்டும், விறகு ஓசி. கேஸ் அப்படியா?

இப்போது நாலுவழிச் சாலை ஓட்டல்களில் 'விறகு அடுப்புச் சமையல்' என்று பலகை. பட்டணத்தில் மாடுலர் கிச்சன் கட்டிய மகன், கேஸைத் தள்ளிவிட்டு மொட்டைமாடியில் மண் அடுப்பு போட ஆள் தேடுகிறான். ஊரில் ஆத்தா கேட்பது வேறு: "சிலிண்டர் வெல கொறைஞ்சா சொல்லுப்பா."

விறகு அடுப்புக்கு மாறுகிறவர்கள் தாராளமாக மாறுங்கள். புகைபோக்கி வைத்துக் கட்டுங்கள். ஊதுகிற வேலையையும் நீங்களே பாருங்கள்.