பேராண்டி காய்ச்சும் பாகு

வாடா நைனா, உக்காரு. வீட்டுலயே கடலை மிட்டாய் பண்ணப் போறியாமே? உங்க பாட்டி சொன்னா. இரும்புச் சட்டியைப் பரண்மேல ஒளிச்சு வெச்சிட்டு வந்துதான் எங்கிட்ட சொன்னா. முன்யோசனை உள்ளவ.

பண்ணு. வேணாம்னு யாரு சொன்னா? பெட்டிக்கடை பாட்டில்ல சும்மா கெடக்குற சாமானு அது. அதுக்குக் கடலை, வெல்லம், கேஸு, ஒரு முழு ஞாயித்துக்கிழமை இவ்வளவையும் செலவு பண்ணிட்டு, "செலவு மிச்சம் தாத்தா"ன்னு நீ சொன்னா, நானும் தலையாட்டிட்டுப் போறேன். படிச்ச புள்ள கணக்கு தப்பாவா இருக்கும்?

நீ காட்டுன அந்த போன் படத்தை நானும் பார்த்தேன். மூணு நிமிஷம். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கினே வெல்லத்தைச் சட்டியில போட்டுச்சு, பாகு கொதிக்க ஆரம்பிச்சுது, அங்கே படத்தை வெட்டிட்டாங்க. அப்பால பார்த்தா வில்லை வில்லையா தட்டுல அடுக்கியிருக்கு. அந்த வெட்டுன எடத்துலதான்டா கடலை மிட்டாய் இருக்கு. மத்ததெல்லாம் சமையல் இல்ல, சாமான் எடுத்து வெக்கிறது.

சரி, சாமான்லயிருந்தே வருவோம். கடலை நம்ம பக்கம் வெளையுற மானாவாரிக் கடலையே போதும், சீமைக்குப் போவாதே. ஆனா போன வருஷத்து மூட்டையைப் பிரிக்காதே, காறல் அடிக்கும். சுருங்குனது, கறுத்தது, பூஞ்சை பிடிச்சது எல்லாத்தையும் பொறுக்கித் தூரப் போடு. "வறுத்தா சரியாப் போயிடும்"னு உன்னை மாதிரி ஒரு சிக்கனக்காரன் சொல்லுவான். போவாது. பூஞ்சைக் கடலையில அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்குது. வறுத்தாலும் முழுசா அழியாது, ஈரலுக்கு ஆகாது. இது மட்டும் கிண்டல் இல்ல.

வறுக்கிறது சின்னத் தீயில. மணல் போட்டு வறுத்தா எல்லாப் பக்கமும் ஒரே சூடா ஏறும். மணல் இல்லாட்டி கிண்டிக்கினே நில்லு. உள்ளங்கையில வெச்சுக் கசக்குனா தோல் தானா பறக்கணும். ரெண்டா ஒடைச்சு, மூக்கைத் தள்ளிட்டு, முறத்துல போட்டுப் புடை. புடைக்கத் தெரியாதா? அதானே பார்த்தேன். ஃபேனைப் போட்டு ஊதித் தள்ளலாம்னு ரோசனை பண்ற, உன் மூஞ்சியிலயே தெரியுது. வாசல்ல போய்ப் பண்ணு. கூடத்தைப் பாட்டி இப்பத்தான் பெருக்கியிருக்கா.

வெல்லம் வாங்கப் போறப்போ மஞ்சளா, பளபளன்னு இருக்கிற அச்சைப் பார்த்து மயங்காதே. நெறம் வெளுக்கணும்னு ஹைட்ராஸ்னு ஒரு ரசாயனம் கலக்கிற ஆளுங்க உண்டு. கறுப்பா, அழுக்கா, நம்ம ஊரு ஆளு மாதிரி இருக்கும் பாரு, அது பரவாயில்ல. கடைக்காரர்கிட்ட "பாகு வெல்லம் குடுங்கண்ணா"ன்னு வாயைத் தொறந்து கேளு. உப்புக் கரிக்கிற வெல்லத்துல நீ பொழுதுக்கும் நின்னாலும் பாகு முறுகாது.

நமக்கு வெல்லம்னா அது சித்தூர் வெல்லம்தான். கரும்பு நம்ம பக்கமும் உண்டு, அது திருவாலங்காடு மில்லுக்குப் போயி சக்கரை ஆயிடுது. 1953ல ஆந்திரா பிரிஞ்சப்போ நம்ம திருத்தணி தாலுகா சித்தூர் ஜில்லாவோட அந்தாண்ட போயிடுச்சு. மா.பொ.சி. மாதிரி ஆளுங்க போராடி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தாண்ட வந்தோம். முட்டாள் தினம்தான், ஆனா அன்னைக்கு நாம ஏமாறல. ஜில்லா மாறிச்சே தவிர வெல்லம் வர்ற தெசை மாறல. ஆந்திரா பக்கம் நகரிக்குப் போயி கடலை மிட்டாய்னு கேட்டு நிக்காதே, பல்லி பட்டின்னு கேளு, அதேதான் குடுப்பான்.

பேருன்னு பார்த்தா எல்லாம் கோவில்பட்டிக்குத்தான். 1940கள்ல அங்க பொன்னம்பல நாடார்னு ஒரு மளிகைக் கடைக்காரர் ஆரம்பிச்சு வெச்ச ருசின்னு சொல்லுவாங்க. கரிசல் மண்ணுக் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணி. 2020ல சர்க்காரே புவிசார் குறியீடு குடுத்துடுச்சு. அதுக்கு முன்னாடி 2009ல திருப்பதி லட்டுக்குக் குடுத்தாங்க. 2019ல பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பெருமாளுக்கு ஆச்சு, முருகனுக்கு ஆச்சு, ஆண்டாளுக்கும் ஆச்சு. நம்ம மலைமேல இருக்கிறவரும் அதே முருகன்தான், ஆனா நம்ம ஊரு கே.ஜி.கண்டிகைக்கு இன்னும் ஒண்ணும் வரல. நீ பாகு காய்ச்சுனா அந்தக் கருகல் வாசனைக்கு வேணா மனு போட்டுப் பார்க்கலாம்.

இப்பத்தான் அந்த வெட்டுன எடம். காதைத் தீட்டிக்கோ.

ரெண்டு கிண்ணம் கடலைக்கு ஒரு கிண்ணம் தூள் வெல்லம். வெல்லம் ரொம்பக் கூடினா பல்லு ஆடும், கொறைஞ்சா கடலை கடலையா உதுரும். கால் கிண்ணம் தண்ணி ஊத்திக் கரைச்சு, கண்டிப்பா வடிகட்டு. மண்ணு, கரும்புச் சக்கை எல்லாம் உள்ள இருக்கும், அப்பால "தாத்தா பல்லுல கல்லு"ன்னு அழாதே. கனமான சட்டியில திரும்ப அடுப்புல ஏத்து. அதுக்கு முன்னாடியே தட்டுல நெய் தடவி, கடலையை அளந்து கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்கோ. போனை அணைச்சு பாட்டிகிட்டக் குடுத்துடு.

மொதல்ல பெரிய பெரிய குமிழா வரும். அப்பால குமிழ் சின்னதாகி நெருங்கி வரும், நொரை பொங்கும், நெறம் எறங்கும். கிண்ணத்துல பச்சைத் தண்ணி வெச்சு ஒரு சொட்டு விடு. கரைஞ்சு போச்சா, காத்திரு. வெரல்ல உருட்டுனா மெத்துனு உருண்டையா வருதா? அது அதிரசத்துக்கு ஆவும், உனக்கு ஆவாது. இங்கதான் எல்லாரும் அவசரப்பட்டுக் கடலையைக் கொட்டுவாங்க. இன்னும் நில்லு. அந்த உருண்டையைத் தட்டுல போட்டா டங்குனு சத்தம் கேக்கணும், மடிச்சா வளையாம மடக்குனு ஒடையணும். உங்க காலேஜ் பாஷையில நூத்தி நாப்பத்தஞ்சு, நூத்தம்பது டிகிரி. அந்தச் சூட்டுல பாகுல தண்ணி நூத்துல ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும், அதனாலதான் மொறுமொறுங்குது. சக்கரையை விட வெல்லம் சீக்கிரம் கருகும். பதம் வர்றதுக்கும் கருகுறதுக்கும் நடுவுல நீ கொட்டாவி விடுற நேரம்தான் இருக்குது.

சத்தம் கேட்ட நொடியே அடுப்பை அணை, ஏலக்காயோ சுக்குத் தூளோ ஒரு சிட்டிகை, கடலையைக் கொட்டி ரெண்டு கிளறு, தட்டுல தள்ளு. கிண்ணத்தோட அடியில நெய் தடவி அமுக்கு, கையை வெக்காதே. கொதிக்கிற தண்ணி பட்டா வழிஞ்சு போயிடும், பாகு பட்டா ஒட்டிக்கினு தோலோட வரும். சூடா இருக்கிறப்பவே கத்தியால கோடு போட்டுடு. ஆறுனப்புறம் வெட்டணும்னா எங்கிட்ட வா, தேங்கா ஒடைக்கிற கல்லு தர்றேன்.

அமெரிக்காவுல வெண்ணெயும் சோடா உப்பும் போடுறாங்களாம். சோடா உப்பு உள்ள காத்தை ஏத்திவிடும், கடிக்க லேசா இருக்கும், பல்லில்லாத எனக்குத் தோதுதான். ஆனா நீ போடாதே. நேராப் பண்ணவே வராதவனுக்கு வித்தை எதுக்கு?

தப்பிப் போனாலும் பயப்படாதே. பதம் பத்தாம ஜவ்வா இழுத்தா, கமர்கட்டுன்னு பேரை மாத்திக் குடு. கருகிக் கசந்தா, சளிக்கு மருந்துன்னு சொல்லி அக்கம்பக்கம் அனுப்பு. நாமளும் அவங்க வீட்டுத் தீபாவளி மைசூர்பாகை எத்தனை வருஷம் பொறுத்துக்கினோம்!

நல்லா வந்துட்டா, ஆறுன கையோட இறுக்கமான டப்பாவுல போட்டு மூடு. வெல்லம் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். ஐப்பசி மழையில தொறந்து வெச்சா மறுநாளே பிசுபிசுப்பு.

மொதல் தடவைக்குக் கால் கிலோ கடலைக்கு மேல போடாதே. சட்டியில ஒட்டுனதைச் சொரண்டாதே, கொதி தண்ணி ஊத்தி வெச்சா தானா கரையும். அதையும் நீயே தேய்ச்சு, பாட்டி பார்க்கறதுக்குள்ள பரண்ல ஏத்திடு.