பழம்பாணுக்கும் ஒரு காலம்

எட மோனை, கொழும்பிலை ஏதோ பெரிய ஹோட்டலிலை பாண் புடிங் சாப்பிட்டு, அதைப் படமும் எடுத்து அனுப்பியிருக்கிறாய். நல்ல சந்தோசம். கோப்பை பெரிசு, புடிங் சின்னன், மேலை ஒரு புதினா இலை. நீ சொன்ன விலைக்கு இஞ்சை ஒரு கிழமைக்குப் பாண் வாங்கலாம். அண்டைக்கெண்டு பாத்து, மிஞ்சின அரை றாத்தல் பாணைக் கொம்மா கோழிக்குப் பிச்சுப் போட்டதை நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டு பாத்தனான். ரெண்டு பேரும் பழம்பாண்தான் திண்டனீங்கள். கோழி காசு குடுக்கேல்லை.

வெக்கப்படாதை. உலகம் முழுக்க இதே கூத்துத்தான். காய்ஞ்ச பாணை எறிய மனமில்லாத சனம் கண்டுபிடிச்ச சாமான் இது. இங்கிலாந்திலை எலிசா சிமித் எண்ட மனிசி 1728 இலையே பட்டர் பூசின பாணிலை புடிங் செய்யிற விதத்தைச் சமையல் புத்தகத்திலை எழுதி வைச்சிட்டா. பிறகு 1980களிலை லண்டன் டோர்செஸ்டர் ஹோட்டலிலை அன்ரன் மோசிமன் எண்ட சுவிஸ் சமையல்காரர் அதையே கொஞ்சம் மெதுமையாக்கிக் குடுத்தார். ஏழையின்ரை புடிங் கோட்டுச் சூட்டுக்காரரின்ரை மேசைக்கு ஏறினது அப்பிடித்தான். ஐதராபாத்திலை பாணை நெய்யிலை பொரிச்சுப் பாகிலை ஊறவைச்சு, டபுள் கா மீட்டா எண்டு கலியாண வீட்டிலை வைக்கினம். மெக்சிக்கோக்காரர் தவக்காலத்திலை சீஸும் போட்டுச் செய்யினம், பேர் கப்பிரொட்டாடா. எல்லாரும் பெரிய பேராய் வைச்சுத் தப்பியிட்டினம்.

இன்னொண்டு கேள். ஒழுங்கைக்குள்ளை பாட்டுப் போட்டுக்கொண்டு வாற பாண் ஓட்டோவின்ரை அந்தப் பாட்டு, 1810 இலை பீத்தோவன் எலிசே எண்டவவுக்காக எழுதினதாம். உன்ர தங்கச்சி போனிலை தேடிச் சொன்னவள். பாண் வித்துத் தாறது ஒரு எலிசே, புடிங் சொல்லித் தந்தது ஒரு எலிசா. இடையிலை லாபம் கண்டது எங்கடை கண்டாவளைக் கோழியள்.

இரணைமடுத் தண்ணியிலை நெல்லு விளைவிக்கிற சனம் நாங்கள். ஆனால் காலமை பாண் வரேல்லையெண்டால் முகத்தைத் தொங்கப்போடுறம். கோதுமை எங்கடை வயலிலை விளையாது. அது கப்பலிலை வந்து மாவாகி, பேக்கரியிலை வெந்து எங்கடை படலைக்கு வருது. கப்பல் தும்மினால் எங்களுக்குத் தடிமன். சிறிமாவோ அம்மாவின்ரை ஆட்சியிலை, 1970க்குப் பிறகு இறக்குமதியை இறுக்க, விடியப்புறத்திலை சனம் பாணுக்கு வரிசை நிண்டது. அதே இறுக்கத்திலைதான் எங்கடை கமக்காரர் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வித்து நிமிந்தவை. மடியிலை காசு, கையிலை பாண் இல்லை! 2022 இலை மா விலை ஏறி, காஸும் இல்லாமல் பேக்கரியள் பூட்டினதை நீயே கண்டனி. வரிசையிலை நிண்டவனுக்குத்தான் அரை றாத்தலின்ரை பாரம் தெரியும்.

சரி, அடுப்படிக்கு வா. ஓவன் இல்லை அப்பு எண்டு சாட்டுச் சொல்லாதை. இடியப்பம் அவிக்கிற சட்டி இருக்கெல்லோ, அது காணும்.

பாண் நேற்றையதாய் இருக்கவேணும். புதுப்பாண் பாலைக் கண்டவுடனை கரைஞ்சு கூழாகீடும். ஒரு நாள் கிடந்து இறுகினதுதான் பாலைக் குடிச்சும் உருவம் கெடாமல் நிக்கும். பழசு நல்லம் எண்டதுக்காகப் பூஞ்சணம் பிடிச்சதைச் சுரண்டிப்போட்டுப் போடாதை. ஒரு துண்டிலை பச்சை தெரிஞ்சால் முழுப் பாணையும் தாட்டுவிடு. கோழிக்கும் போடாதை, அதுவும் உயிர்தானே.

225 கிராம், அதாவது அரை றாத்தல் பாணைத் துண்டு துண்டாய் வெட்டு. கரையை எறியாதை, அது ஹோட்டல்காரன் செய்யிற வேலை. எறியிறதுக்கும் சேத்து நீதான் காசு குடுக்கிறாய். அரை லீற்றர் பாலை இளஞ்சூடாக்கு. கொதிக்கக் கொதிக்க முட்டையிலை ஊத்தினால் முட்டை திரைஞ்சுபோம். மூண்டு முட்டை, 100 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், கொஞ்சம் கறுவாத்தூள் போட்டு அடிச்சு, பாண் மேலை ஊத்தி அரை மணித்தியாலம் ஊறவிடு. சீனிக்குப் பனங்கட்டியும், பசுப்பாலுக்குத் தேங்காய்ப்பாலும் எண்டால் இன்னும் விசேசம், வட்டிலப்பத்துக்கு மச்சான் முறையாகீடும். மாஜரின் பூசின பாத்திரத்திலை பிளம்ஸும் கஜுவும் தூவி, எல்லாத்தையும் ஊத்திச் சட்டிக்குள்ளை வை. சட்டி மூடியிலை துணி கட்டு, இல்லாட்டி ஆவித்தண்ணி சொட்டிப் புடிங்குக்கு மேலை குளம் கட்டும்.

இனி நெருப்பு. கெடுக்கிறது முழுக்க இதுதான். பாலும் முட்டையும் 80 பாகை செல்சியசுக்குக் கிட்ட இறுகீடும். நீ ஊதி ஊதி எரிச்சால் ஓட்டை ஓட்டையாகித் தண்ணி விடும். விறகை வெளியாலை இழுத்துவிட்டு, முக்கால் மணித்தியாலம் மட்டிலை ஈர்க்காலை நடுவிலை குத்திப் பார். ஒட்டாமல் வந்தால் இறக்கு. ஆறவிடாமல் வெட்டினால் உடையும். உன்ர அவசரத்துக்கு உடைஞ்சதைத்தான் சாப்பிடுவாய், அது வேறை கதை.

ஹோட்டலுக்குப் போகாதையெண்டு நான் சொல்லேல்லை. போனால் கண்ணைத் திறந்துகொண்டு போ. கரண்டியாலை மெல்ல அமத்து. உள்ளுக்குள்ளை ஈரமாய், ஆனால் தண்ணி பிரியாமல் நிண்டால் நல்ல கை செய்தது. தண்ணி பிரிஞ்சு கோப்பையிலை ஓடினால் நெருப்புக் கூடினது. புடிங் தெரியாத அளவுக்கு ஐஸ்கிறீமைக் குவிச்சுத் தந்தால், கீழை ஏதோ மறைக்கினம். படம் எடுக்கிறதுக்கு முதல் அதைத் தள்ளிப் பார்.

வீட்டிலை விருந்தாளியளுக்கு வைக்கேக்கை, பாண் எப்ப வாங்கினது எண்டு நீயாய் வாய் திறக்காதை. கேட்டால் மட்டும் சொல்லு, அதுவும் அவை ரெண்டாந்தரம் கோப்பையை நீட்டின பிறகு. முதலே சொன்னியெண்டால், எங்களுக்குப் பழம்பாண் தந்தவை எண்டு புளியம்பொக்கணை மட்டும் கதை போயிடும்.

எனக்கு ஒண்டையும் ஒளிக்கத் தேவையில்லை. நேற்றையான் பாணெண்டாலும் ரெண்டு துண்டாய்க் குடுத்துவிடு. டொக்டர் எனக்குச் சீனி கூடாதெண்டு சொன்னவர். பனங்கட்டியைப் பற்றி நான் அவரிட்டைக் கேக்கேல்லை.