ஐந்து பேருக்கு என்ன வேலை?

கனடாவில் 2024 வரை ஐந்து பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் ஓர் அகதிக் குடும்பத்தையே வரவழைக்க முடிந்ததாமே! அரசாங்கம் இருக்க, இவர்களுக்கு அங்கே என்ன வேலை?
*வாசகர், மதுரை*

மைனஸ் இருபது டிகிரியில் வந்திறங்கும் பிள்ளைக்கு எந்தக் கடையில், எந்த சைஸில் ஸ்னோ பூட்ஸ் வாங்குவது என்று அமைச்சரா வந்து காட்டுவார்?

வியட்நாமிலிருந்து படகில் தப்பியவர்களுக்காக 1979-இல் சூடுபிடித்த ஏற்பாடு இது. முதல் ஓராண்டுக்கு வாடகை, மளிகை எல்லாம் குழுவின் பொறுப்பு. பணத்தை எப்படியும் புரட்டிவிடலாம். பள்ளி விண்ணப்பம் நிரப்ப, முதல் தடவை பஸ்ஸில் கூடவே போய் இறங்குமிடம் காட்ட, டாக்டரிடம் துணைக்குப் போக ஆள்தான் வேண்டும். ஆனால் வழிகாட்டுகிறேன் என்று குடும்பத்தையே நடத்தக் கிளம்பிவிடக் கூடாது. சம்பளத்தில் எவ்வளவு ஊருக்கு அனுப்புவது என்பது அவர்கள் பாடு. அதில் நமக்கு ஓட்டு கிடையாது.

சாதாரண ஜனங்கள் கைகொடுப்பது அங்கே புதிதல்ல. 1986-இல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் லைஃப் போட்டுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை மீட்டவர்கள் அவ்வூர் மீனவர்கள். அதே ஆண்டு, அகதிகளுக்கு உதவுவோருக்கான ஐ.நா.வின் நான்சன் விருது கனடா மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டது. ஒரு நாட்டு மக்களுக்கே மொத்தமாக அந்த விருது போனது அதுவே முதல் முறை.