ரிங் லைட்டும் மூலப்பத்திரமும்

தொண்ணூறுகளின் நடுவில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் சொந்த வீடு கட்டியவர்கள் யாரும் கடன் வாங்கிக் கட்டவில்லை. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். பி.எஃப். பணம் எடுத்தது, ஊரில் நிலம் விற்றது, மாமனார் கைமாற்றாகத் தந்தது என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அவர்களில் பலருடைய மூலப்பத்திரம் நான் வேலை பார்த்த வீட்டுக் கடன் நிறுவனத்தின் இரும்பு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது, எனக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

எனக்கு அங்கே களப்பணி. மனு வந்ததும் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். ஒரு பள்ளி ஆசிரியர் தெருமுனை டீக்கடையிலேயே என்னை மடக்கி, "சார், அந்தப் பையை மட்டும் இங்கேயே வச்சுட்டு வந்துடுங்களேன்" என்றார். பையில் நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வீட்டில் மாமியார் வந்திருக்கிறாராம். மாற்றலாகி வந்திருக்கும் கணக்கு வாத்தியார் என்று என்னை அறிமுகப்படுத்தினார். அந்த அம்மாள் உடனே பேத்தியைக் கூப்பிட்டு, பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறாளா பாருங்கள் என்றார். பார்த்தேன். சொன்னாள். 'நல்ல குடும்பம், கடன் தரலாம்' என்று அறிக்கை எழுதினேன்.

கிரகப்பிரவேசத்துக்கும் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் இருந்தால் மரியாதை இல்லை, கூப்பிட்டுவிட்டால் மானம் போய்விடும் என்ற சங்கடம் அவர்கள் முகத்தில் தெரியும். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, 'ஆபீஸ்ல தெரிஞ்சவர்' என்ற பட்டத்தோடு தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவேன்.

இன்று நான் சொந்தமாகவே வீட்டுக் கடன் முகவர். டிஎஸ்ஏ என்பார்கள். அண்மையில் ஊரப்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசம். வாசலில் வாழை மரத்துக்குப் பக்கத்தில் தெர்மாகோலில் ஆளுயரக் காசோலை ஒன்று. கடன் தொகை நாற்பத்திரண்டு லட்சம் என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டிருந்தது. தம்பதி ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, நடுவில் அந்தப் பெண்ணின் மாமியாரே வந்து நின்றார். "அங்கிள், உங்க பேஜ்ல போடும்போது மறக்காம எங்களை டேக் பண்ணிடுங்க" என்றார் கடன்காரர். இருபது வருஷத் தவணைக்குக் கேக் வெட்டி எனக்கு ஊட்டினார்கள். முதல் பந்தி, நடு இலை.

கடனுக்கு இருந்த வெட்கம் எங்கே போயிற்று என்று யோசித்துப் பார்த்தால், எங்கேயும் போகவில்லை. என்னிடம் வந்துவிட்டது.

அப்போது நடிப்பு முழுக்க அவர்கள் பக்கம். எங்கள் மேலாளரைப் பார்க்க வருகிறவர்கள் இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஃபைல், துணைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் சகிதம் வருவார்கள். நிரந்தர வேலை என்று காட்ட அலுவலக அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருப்பார்கள். மேலாளர் உடனே கூப்பிட மாட்டார். உட்கார வைத்துப் பார்ப்பது ஒரு பரீட்சை. உள்ளே போனதும் சம்பளத்தைக் கேட்கும் முன் அவர் கேட்பது, "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" கல்யாணமாகாத தங்கை இருந்தால் கடன் தொகையில் கொஞ்சம் குறையும். இதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. கடன் வாங்குகிறவரின் நாணயத்தை எடை போடும் சிபில் நிறுவனமே 2000-ல்தான் வந்தது. அதுவரை எங்கள் மேலாளர்தான் சிபில்.

வாடிக்கையாளர் தேடி அலைகிற பேச்சே அன்றைக்கு இல்லை. தினசரிக்குள் வைத்து அனுப்பும் பிட் நோட்டீஸ், தைப்பொங்கலுக்கு ஒரு மாதக் காலண்டர், பிற்பாடு கேபிள் டி.வி.யில் அடியில் ஓடும் ஒரு வரி. அவ்வளவுதான் விளம்பரம். வட்டி பதினான்கு, பதினைந்து சதவீதம் என்றாலும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஊரடங்கில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அக்கா மகன், "மாமா, இனிமே ஆளுங்க உங்களைத் தேடி வர மாட்டாங்க. நீங்கதான் அவங்க போனுக்குள்ள போகணும்" என்றான். போனேன்.

படப்பிடிப்பு என் மேஜையிலேயே. வட்ட விளக்கு ஒன்றை மூக்குக்கு நேரே நிறுத்தினான். கண்ணாடியில் இரண்டு வளையம் தெரிகிறது, கழற்றுங்கள் என்றான். கழற்றினால் எழுதி வைத்திருந்ததைப் படிக்க முடியவில்லை. சட்டைக் காலரில் மைக். பின்னால் இருந்த சாமி படங்களை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் செடி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: "மூலப்பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் செல்லும் என்ற வசதியை, 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மாதிரி சில ஊர்களைப் பெயர் சொல்லியே கொடுத்திருக்கிறது..."

"கட். மாமா, 1882-ன்னு சொன்ன உடனே எல்லாரும் தள்ளிட்டுப் போயிடுவாங்க. முதல் மூணு செகண்டுல ஆளைப் பிடிக்கணும்."

"எப்படிடா பிடிக்கிறது?"

"பயமுறுத்துங்க."

அப்படிப் பிறந்ததுதான், "இந்த ஒரு பேப்பர் இல்லாம மனை வாங்கினீங்க, மொத்தப் பணமும் போச்சு!" அந்த ஒரு பேப்பர் என்ன என்று சொல்லாமலேயே முதல் பத்து விநாடியை ஓட்டச் சொன்னான். பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, அப்ரூவல் என்று ஒவ்வொன்றாக விரலை மடக்கினேன். ஒரு பேப்பர் என்று ஆரம்பித்தது மூன்று பேப்பரில் முடிந்தது. யாரும் கணக்குக் கேட்கவில்லை. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று அடம்பிடித்தேன். அதைக் கீழே பொடி எழுத்தில் அரை விநாடி ஓடவிட்டான். கடன் ஒப்பந்தத்திலும் அது பொடி எழுத்தில்தான் இருக்கிறது என்பதால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

ரீல்ஸைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அந்தக் காலத்து மௌனத்தைவிட இந்தக் காலத்துச் சத்தத்தால் ஜனங்களுக்கு நல்லது நடந்திருக்கிறது. எங்கள் நிறுவனம் உட்படப் பல நிறுவனங்களில் அன்று வட்டிக் கணக்கு வருஷத்துக்கு ஒருமுறை. ஏப்ரலில் இருந்து மாதாமாதம் நீங்கள் கட்டும் அசல், மார்ச் முடிந்த பிறகுதான் பாக்கியில் கழியும். அதுவரை கட்டிய பணத்துக்கும் சேர்த்து வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இதை நாங்கள் மறைக்கவில்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. சொல்லவும் இல்லை. தவணை அட்டவணை கேட்டு வருகிறவரை எங்கள் மேலாளர், இன்கம்டாக்ஸ்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

இப்போது அக்கா மகன் திரையில் எண்களைக் குதிக்க விடுகிறான். முப்பது லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம். மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 21,250, அசலில் கழிவது 4,785. இருபது வருஷமும் கட்டி முடித்தால் மொத்தம் சுமார் அறுபத்திரண்டரை லட்சம். வருஷத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் கடன் மூன்றரை வருஷம் முன்னாடியே முடிந்துவிடும். முக்கால் நிமிஷத்தில் முடிகிற இந்தச் சமாச்சாரத்தைச் சொல்லாமலேயே நான் ஒரு உத்தியோக காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியது. பல வங்கிகள் தவணைத் தொகையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிட்டன. 'இஎம்ஐ ஏறவே இல்லையே என்று சந்தோஷப்படாதீர்கள், எந்த வருஷம் முடிகிறது என்று பாருங்கள்' என்று ஒரு வீடியோ போட்டோம். போனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருவருக்கு, ரிட்டயர் ஆகியும் பல வருஷம் தவணை ஓடுகிறது. கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், அது வங்கியின் தப்பு என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற 2023 டிசம்பர் விதியையும் இப்படித்தான் தெருத்தெருவாகக் கொண்டுபோனோம். முன்பெல்லாம் பத்திரம் திரும்பி வந்தாலே சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். இப்போது முப்பத்தோராம் நாள் காலையில் போன் வருகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. எனக்குப் போட்டியாக ஒரு தம்பி காரை ஓட்டிக்கொண்டே, "கையில பத்துப் பைசா இல்லாம வீடு வாங்கலாம் மக்களே!" என்கிறான். ஐம்பது லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது முதல் எழுபத்தைந்து லட்சம் வரையான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆக, பத்து லட்சம் உங்கள் கையிலிருந்து. அதற்கு மேல் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து இன்னொரு நாலரை லட்சம். பத்துப் பைசா பதினாலரை லட்சமாகிவிட்டது. அந்தத் தம்பிக்கு என்னைவிடப் பல மடங்கு பார்வையாளர்கள்.

"எங்க சர்வீஸ் முழுக்க முழுக்க இலவசம்" என்று நானும்தான் சொல்கிறேன். பொய்யில்லை. எனக்குக் கமிஷன் தருவது வங்கி. வங்கிக்கு அதைத் தருவது யார் என்பதை அறுபது விநாடிக்குள் சொல்ல முடியவில்லை என்று அக்கா மகன் வெட்டிவிட்டான்.

2024 அக்டோபர் முதல் எந்தச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாளை, வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். நான் பயபக்தியோடு அதை நீட்டுகிறேன். "உங்க வீடியோவையே பார்த்துட்டோம் சார், இது எதுக்கு?" என்று கையெழுத்துப் போடுகிறார்கள்.

அவர்களும் என்னை எடை போட்டுத்தான் வருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு பெண், "அங்கிள், உங்களுக்கு ஃபாலோயர்ஸ் கம்மியா இருக்காங்களே, கடன் வாங்கித் தந்துடுவீங்களா?" என்றாள். அவளுடைய சிபில் ஸ்கோர் 790. என்னுடையது அவளுக்குத் திருப்தியாக இல்லை. இஸ்திரி போட்ட சட்டையை இப்போது நான்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கால மேலாளரிடம் ஒரு காரியம் மட்டும் உருப்படியாக இருந்தது. வேண்டாம் என்பார். "இப்போ எடுத்தா முழுங்க முடியாது. தங்கச்சி கல்யாணத்தை முடிச்சுட்டு வாங்க" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். திட்டிக்கொண்டே போனவர்கள் பிற்பாடு வந்து கும்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். எந்த ரீல்ஸிலும் நான் கேட்காத சொல் அந்த 'வேண்டாம்'தான். அதையும் ஒருநாள் சொல்லிவிடுவது என்று அக்கா மகனை உட்கார வைத்தேன். தலையில் அடித்துக்கொண்டுதான் எடுத்தான்.

'இந்த அஞ்சு பேர் வீட்டுக் கடன் வாங்கவே கூடாது!' வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவர். சம்பளத்தில் பாதி ஏற்கெனவே தவணைக்குப் போகிறவர். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாதவர். முன்பணத்துக்கே தனிநபர் கடன் எடுக்கிறவர். பட்டா இல்லாத மனைமேல் ஆசைப்பட்டவர்.

நாங்கள் போட்டதிலேயே அதிகம் ஓடியது அதுதான். போன் ஓயவில்லை. நாலு பேருக்காவது புத்தி வந்ததே என்று பெருமையோடு முதல் அழைப்பை எடுத்தேன்.

"சார், வீடியோ சூப்பர். அந்த அஞ்சுல நான் ரெண்டாவது, நாலாவது ரெண்டுமே. எனக்கு எவ்வளவு கிடைக்கும்?"