பேய்க்கு ஆரஞ்சு யூனிஃபார்ம்

ஆரஞ்சு நிற உடை, சின்னப் பூசணிக்காய் ஒன்று, மேப்பிள் இலை வடிவத்தில் வெட்டிய கலர் பேப்பர் ஒரு டஜன். வெள்ளிக்கிழமைக்குள். போடிநாயக்கனூரில் இந்த வாரம் எந்த அம்மாவின் செல்போனை எட்டிப் பார்த்தாலும் ஆக்டிவிட்டி வாரத்துக்கான இதே பள்ளிச் சுற்றறிக்கைதான், அதுவும் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல்தான். வந்து விழுந்த அடுத்த நிமிஷமே கட்டைவிரல்கள் வரிசையாக உயர்கின்றன. முணுமுணுப்பதெல்லாம் அடுப்படியோடு சரி. 'மிஸ், பேய் டிரெஸ் கறுப்புல இருந்தா பரவாயில்லையா?' என்று யாராவது தயங்கிக் கேட்டால், 'தீம் கலர் ஆரஞ்சு மேம், எல்லாருக்கும் ஒண்ணுதான்' என்று பதில் வருகிறது. உயிரோடு இருக்கும்போது போட்ட யூனிஃபார்ம் போதாதென்று, செத்துப் பேயான பிறகும் யூனிஃபார்ம். இலையுதிர் காலத்தையோ ஹாலோவீனையோ தொடக்க வகுப்பில் சொல்லித்தரக் கூடாது என்பது என் வாதம் இல்லை. செயல்பாடு என்று பெயர் வைத்தால் செயல்படுவது பிள்ளையாக இருக்க வேண்டும், பார்க்கிற பொருள் ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும், வாதம் அவ்வளவுதான். அதை நிறுவிவிட்டு, போடிப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஐந்து செயல்பாடுகளையும் கடைசியில் தந்துவிடுகிறேன்.

முதலில் இலை. வட அமெரிக்காவில் மேப்பிள் மரம் சும்மா அழகுக்காக இலையை உதிர்ப்பதில்லை. நியூயார்க்கில் கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேர வித்தியாசம். பகல் சுருங்கச் சுருங்க, குளிர் ஏற ஏற, இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாகவே உண்டாகிறது. பிறகு இலை விழுகிறது. போடியில் அந்தப் பகல் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. அதற்கெல்லாம் இலையை உதிர்த்துக்கொண்டிருக்கும் அளவுக்கு நம் புளியமரத்துக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. இது மழைமறைவுப் பிரதேசம். ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப்பக்கம் மூணாறு நனையும்போது இந்தப்பக்கம் நமக்குக் காற்றுதான் வரும். நமக்கு வாய்த்தது வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி அடைமழை. ஆகவே வகுப்பறைச் சுவரில் காகித இலைகள் பழுத்து உதிர்ந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில், வெளியே மரங்கள் மழை குடித்துப் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. பிள்ளை யாரை நம்புவது? மிஸ்ஸை நம்பினால் மரம் பொய். மரத்தை நம்பினால் மார்க் போச்சு.

நம்மூரிலும் இலை உதிரும். தை, மாசி, பங்குனியில் உதிரும். காரணம் குளிர் இல்லை, தண்ணீர்த் தட்டுப்பாடு. இலை இருந்தால் அதன் வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் மரம் கணக்குப் பார்த்துக் கழற்றி விடுகிறது. அடிவாரத்துத் தேக்கு மொட்டையாகிறது. வேம்பு பழுத்துக் கொட்டிவிட்டு உடனே துளிர் விடுகிறது. இலவ மரம் இலையெல்லாம் போக, வெறும் காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. கண்ணெதிரே பாடம் நடக்கும் அந்த மாதங்களில் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திக்கொண்டு, அக்டோபரில் நடத்திய இலையுதிர் காலத்தை ஆண்டுத் தேர்வுக்கு ஐந்து வரியில் ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிக்கு மேலே காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த ஊர் மறந்திருக்க முடியாது. புல்லும் சருகும் எந்த மாதத்தில் காய்ந்து கிடக்கின்றன, அப்போது மலைச்சரிவில் ஒரு பொறி விழுந்தால் தீ எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் இங்கே பிறந்த பிள்ளைக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நகைச்சுவைக் கட்டுரையில் இதையெல்லாம் ஏன் இழுக்கிறாய் என்பார்கள். ஒர்க்‌ஷீட்டில் சொல்லியிருந்தால் இங்கே இழுக்க வேண்டி வந்திருக்காது.

இனி பூசணிக்காய். இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். சின்னப் பூசணிக்காய் என்று எழுதியவர் காய்கறி மார்க்கெட் பக்கம் போய் வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். நம்மூரில் மஞ்சள் பூசணி கீற்றுக் கீற்றாக அரிந்து, விதை தெரிய அடுக்கி, 'கால் கிலோ போதுமாக்கா?' என்று கேட்டு விற்கிற பண்டம். முழுசாகக் கொடு என்றால் கடைக்காரர் 'வீட்ல விசேஷமா?' என்பார். பேய்க்கு என்று சொல்ல வாய் வராது. 'திருஷ்டிக்கா? அப்ப வெள்ளைப் பூசணில்ல வாங்கணும்' என்று அவரே திருத்துவார். மறுத்துப் பேசி, ஐந்து கிலோக் காயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தால், அரிவாள்மணைக்கு அது அடங்காது. கத்தியால் குத்தினால் கத்தி வளையும். கடைசியில் தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்துவந்து அப்பா அதற்குக் கண் திறந்து வைப்பார். ஏழு வயதுப் பிள்ளை கத்தியைத் தொடக் கூடாது என்பதால் அது தள்ளி உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கும். செயல்பாடு அப்பாவுக்கு. கற்றல் அம்மாவுக்கு: தோண்டி எடுத்த சதையைக் கூட்டாகவும் புளிக்குழம்பாகவும் எத்தனை நாள் ஓட்டலாம் என்ற கணக்கு. பிள்ளைக்கு மிஞ்சுவது, வெள்ளிக்கிழமை காலை அந்தப் பாரத்தை ஸ்கூல் வேன் வரைக்கும் தூக்கிக்கொண்டு போவது.

இதில் வேடிக்கை, பூசணிக்காய்க்கு முகம் வரைகிற கலையை இறக்குமதி செய்ய வேண்டிய நிலையில் தமிழ்நாடு இல்லவே இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் எந்த வீட்டையும் அண்ணாந்து பாருங்கள். முட்டைக் கண், முறுக்கு மீசை, கோரைப் பல், தொங்குகிற நாக்கு என்று சகல லட்சணங்களோடும் ஒரு வெள்ளைப் பூசணி தெருவை முறைத்துக்கொண்டிருக்கும். அமெரிக்கப் பூசணி வருஷத்துக்கு ஒரு ராத்திரி வாசலில் உட்கார்ந்து இளிக்கிறது. நம்முடையதற்கு அமாவாசை தவறாமல் டூட்டி. அதற்கு வயிற்றுக்குள் மெழுகுவத்தி. இதற்குத் தலைமேல் கற்பூரம். அது அழுகும்வரை வாசலில் சும்மா இருக்கும். இது ஆயுத பூஜை அன்றைக்கே குங்குமத்தோடு நடுரோட்டில் சிதறி, டூவீலர்காரர்களைச் சறுக்கி விழவைக்கும். பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றால் யார் கெட்டிக்காரர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மூடநம்பிக்கையை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொல்கிறாயா என்று ஒரு கேள்வி வரும். கொண்டுவந்தாயிற்று ஐயா, இங்கிலீஷில் வந்ததால் தெரியவில்லை. உண்மையில் நம் திருஷ்டிச் சடங்குக்குள் நல்ல வேதியியல் பாடம் ஒன்று இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைச் சேர்த்ததும் தண்ணீர் ரத்தச் சிவப்பாகிறதே, அது மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தைக் கண்டு நிறம் மாறுவது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சள். சுண்ணாம்பை மட்டும் மிஸ் தன் கையில் வைத்துக்கொண்டு, மற்றதைப் பிள்ளைகளிடம் விட்டால், டம்ளர் தண்ணீர் ரத்தமாகிற நொடியில் எந்த முகமூடியும் கிளப்பாத அலறல் கிளம்பும். ஐந்தில் இதை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பூசணி விஷயத்தில் இன்னும் ஒன்றே ஒன்று. எண்ணுவதற்கும், பத்துப் பத்தாகப் பிரிப்பதற்கும், கழுவிக் காயவைத்து முளைக்கப் போடுவதற்கும் வேண்டிய விதைகள் அந்தக் கால் கிலோக் கீற்றிலேயே இருக்கின்றன. முழுக்காய் எதற்கு? திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் முழுக்காய் எதற்கு?

பிள்ளைகளைக் கிணற்றுத் தவளையாக வளர்க்கச் சொல்கிறாயா என்பது அடுத்த ஆட்சேபணை. நியாயமானதுதான். நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை தரும் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. அவர்கள் நம் பண்டிகையைக் கற்கும்போது நாம் அவர்களுடையதைக் கற்க வேண்டாமா? கற்போம், ஆனால் முழுசாகக் கற்போம். ஹாலோவீனின் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பழைய சம்ஹைன் விழாவில் இருக்கிறது. அங்கே முகம் குடைந்தது டர்னிப் கிழங்கில். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ்காரர்கள், அங்கே பெரிதாகவும் தாராளமாகவும் விளைந்த பூசணிக்கு மாறிக்கொண்டார்கள். கப்பலில் டர்னிப் வரவழைக்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. கைக்கு எட்டுவதை எடுத்துக்கொள் என்பதுதான் ஹாலோவீன் தரும் முதல் பாடம்; அதை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். இன்னும் பக்கத்தில் பார்த்தால், அக்டோபர் 31 என்பது அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போகிற நாள். புரட்டாசி மகாளய அமாவாசைக்குச் சுருளித் தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் விடுகிற குடும்பங்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இந்த இரண்டு வகை வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். செத்தவர்களுக்கு உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று ஆளுக்கொரு நிமிஷம் பேசச் சொன்னால், அயர்லாந்துக்குப் போகும் வழி அங்கேயே திறந்துவிடும். 2024-ல் தீபாவளியே அக்டோபர் 31-ல் வந்தது. அன்றைக்கு வெடிச்சத்தத்தில் எந்த தேசத்துப் பேயும் வெளியே தலைகாட்டியிருக்காது.

விளையாட்டாகப் படிப்பது பிடிக்கவில்லை, பழைய பிரம்பு வாத்தியார் இவர் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். அப்படியில்லை. செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போனது. 2022-லிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. புளியங்கொட்டை, குச்சி, கூழாங்கல் என்று அரசுப் பள்ளிப் பிள்ளை கையில் எடுத்து எண்ணுகிறது. கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளை, தான் பார்த்தே இராத ஓக் கொட்டைகளைத் தாளில் எண்ணி, அதைத் தின்னும் அணிலுக்கு வண்ணம் அடிக்கிறது. இதைப் பார்க்கும்போது நம் பக்கத்து நியூட்ரினோ கதைதான் நினைவுக்கு வருகிறது. பொட்டிபுரத்துக்கு மேலே அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 50,000 டன் இரும்பை மலைக்குள் வைத்துக் காத்திருந்தால் எப்போதாவது ஒரு நியூட்ரினோ அதில் மோதும் என்பது கணக்கு. எதிர்ப்பிலும் வழக்கிலும் அது முடங்கியது தனிக்கதை. இந்த ஆக்டிவிட்டி வாரமும் அந்த நியூட்ரினோ மாதிரிதான்: பிள்ளைக்குள் புகுந்து, எதிலும் மோதாமல், மறுபக்கம் வெளியேறிவிடுகிறது.

மோதுகிற பொருள் ஊரெங்கும் மணந்துகொண்டிருக்கிறது. அக்டோபர், நவம்பர் என்றால் மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரம். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரளத் தோட்டங்களில் செடியின் அடியில் குனிந்து காய் பறித்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்புகிற அம்மாக்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும்தான் அந்த ராத்திரி மெசேஜ் வருகிறது. மேப்பிள் இலைக்கு எத்தனை முனை என்று அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? காய் பறிக்கும் அந்தக் கையையே வகுப்புக்குப் பாடமாக்கலாம். ஒரு பச்சைக் காயைப் பிளந்தால் உள்ளே மூன்று அறை. மூன்றிலும் சேர்த்து விதை பதினைந்து, இருபது தேறும். விதை கறுத்திருக்க வேண்டும், தோல் பச்சையாகவே இருக்க வேண்டும். அந்தப் பக்குவம் பார்த்துப் பறிப்பதுதான் தொழில். ஏறத்தாழ ஐந்து கிலோப் பச்சைக் காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ கிடைக்கும், இது வகுத்தல். சல்லடையில் சலித்து எட்டு எம்.எம். காயைத் தனியே எடுப்பது அளவை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடம் இதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே போய்வந்தால் வியாபாரக் கணக்கு. அமெரிக்காவில் இந்தப் பருவத்துப் பூசணிப் பண்டங்களில் மணப்பது எது என்று பார்த்தால் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு. எல்லாம் வெப்ப நாட்டுச் சரக்கு, நம் மேல்மலையிலும் விளைவது. அவர்களுடைய இலையுதிர் கால வாசனையை நாம் இங்கேயே வைத்துக்கொண்டு, இலையை மட்டும் பேப்பரில் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஏலக்காய்ப் பாடம்தான் இரண்டாவது செயல்பாடு. மூன்று, நான்கு, ஐந்துக்கான இடத்தைப் பூசணிக்காய் அடைத்துக்கொண்டுவிட்டது. அதன் சுபாவம் அப்படி. ஒரு வாரக் கூத்துக்கு இவ்வளவு புலம்பலா, குழந்தைகள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தோடு முடிந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அடுத்து டிசம்பரில் வின்டர் வாரம் இருக்கிறது. வெள்ளை டிரெஸ், மஃப்ளர், பனிமனிதன் செய்யப் பஞ்சு என்று அடுத்த லிஸ்ட் வரும். இலவம்பஞ்சுத் தலையணைக்கும் மெத்தைக்கும் பேர்போன ஊரில், மெடிக்கல் ஷாப்புக்கு முன்னால் வரிசையில் நின்று ஆளுக்கொரு பஞ்சு ரோல் வாங்கப்போகிறோம். வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு.