எட்டுப் பெருக்கல் நாற்பத்திரண்டு

தோட்டப் பாடசாலையில் கணிதம் போதித்துவிட்டு இப்போது பென்சன் வாங்கிக்கொண்டு, ஹட்டனுக்கு அப்பால் மழை ஓயாத ஒரு மலைச்சரிவில் காலந்தள்ளும் என்னைப் போன்ற ஒருவன், பறவை பார்ப்பதற்காகப் பைனாகுலர் வாங்கப் போகிறேனென்று வீட்டில் வாயைத் திறந்தால், அதற்கு என்ன மறுமொழி கிடைக்குமென்பதைத் தமிழ்க் குடும்பஸ்தர் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக்கும்!" என்றாள் என் சம்சாரம். ஆராய்ந்து பார்த்தால் அந்தப் பழமொழியில் பௌதிக சாஸ்திரமும் இருக்கிறது. பைனாகுலரை மறந்தும் சூரியன் பக்கம் திருப்பிவிட்டால் நமஸ்காரம் முந்தியும் கண் கெடுவது பிந்தியும் நடக்கும். வரிசை மட்டுந்தான் மாறும்.

ஆகவே, சூரியனைத் தவிர மற்ற யாவற்றையும் பார்ப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டு கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் கடிகாரமும் கல்குலேட்டரும் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தேன். முதலாளி எடுத்து வைத்த உபகரணங்கள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் இரண்டு இலக்கங்களும், நடுவே ஒரு பெருக்கல் குறியும் பொறித்திருந்தன. "இது 8×42, ஐயா. முந்நூற்று முப்பத்தாறு மடங்கு பெரிசாகக் காட்டும்" என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். பெருக்கிய விடை சரியாக இருந்தபடியால், ஆசிரியன் என்ற முறையில் எனக்குத் திருப்திதான். ஆனால், பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு வகுக்கச் சொல்லும் விசித்திரமான சாஸ்திரம் இது என்பதை அந்த நல்ல மனிதர் அறிந்திருக்கவில்லை. முன்னே நிற்கும் எட்டு, எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. பின்னே நிற்கும் நாற்பத்திரண்டு, முன்பக்கத்துக் கண்ணாடிவில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் வரும் ஐந்தேகால் மில்லிமீட்டர், கண்ணருகே வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு. வாலிபனுடைய கண்மணி இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். என் வயதில் ஐந்துக்கு மேல் விரிவது அபூர்வம். ஆகையால் கடற்படைக்காரர் விரும்பும் 7×50 எனக்கு வீண். அது பொழியும் ஒளியில் பாதி, கண்மணிக்குள் புகாமல் வெளியே சிந்திப்போகும். சட்டைப் பைக்குள் அடங்கும் 10×25 கொடுப்பதோ வெறும் இரண்டரை மில்லிமீட்டர். வெயில் காயும் யாழ்ப்பாணத்தில் அது போதும். பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி விளக்கேற்ற வைக்கும் எங்கள் ஊரில் அதைக் கொண்டு பார்த்தால், எல்லாப் பறவையும் காக்கையே.

முதலாளி அத்துடன் விடவில்லை. இருபது மடங்கு காட்டுவதொன்றை எடுத்துக் கையில் திணித்தார். அதனூடாக எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன்; என் கை நடுக்கமும் இருபது மடங்கு பெரிதாகிவிட்டபடியால், அந்தக் கடையில் பூகம்பம் நிகழ்வதாகத் தோன்றிற்று. எட்டுக்கும் பத்துக்கும் மேற்பட்டதைக் கையில் பிடித்துப் பார்க்கலாமென்பவர்களின் மனவுறுதியை நான் மெச்சுகிறேன். முக்காலி வைத்துப் பார்ப்பவர்களின் புத்தியை அதைவிட மெச்சுகிறேன். பிறகு, வில்லையெல்லாம் மாதுளம்பூச் சிவப்பில் பளபளத்த ஒன்று வந்தது. சிவப்பை நம் பக்கம் திருப்பியடிக்கும் கண்ணாடி, சிவப்பு போக மிச்சமிருப்பதைத்தானே உள்ளே விடும்? விருப்பம்போல் மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ஸூம் வகையையும் காட்டினார். எல்லாத் தூரத்துக்கும் சுமாராக உதவுவது எந்தத் தூரத்துக்கும் நன்றாக உதவாது என்பது என் அபிப்பிராயம்.

இந்த உபகரணத்தின் பூர்வோத்தரம் ரசமானது. 1608ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற மூக்குக்கண்ணாடிக்காரர் தூரதிருஷ்டிக் குழாயொன்றைச் செய்து உரிமைப்பத்திரம் கேட்டபோது, ஆட்சிமன்றத்தார் அதைப் பார்த்து வியந்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது சிரமமாயிருக்கிறது, இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி செய்து கொடும் என்றார்களாம். செய்து கொடுத்தார், பணமும் கொடுத்தார்கள், உரிமைப்பத்திரத்தை மட்டும் கொடுக்கவில்லை. 1854இல் இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ, பட்டகங்களைக் கொண்டு ஒளியை மடக்கிக் குழாயைக் குட்டையாக்கும் வழியைக் கண்டார். 1894இல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியார் அதை இரட்டைக் குழாயில் அமைத்து விற்பனைக்கு விட்டனர். ஆனாலும் ஒரு குறை நீடித்தது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பு ஒவ்வொன்றிலும், நூற்றுக்கு நான்கு வீத வெளிச்சம் பிரதிபலித்துப் போய்விடும். பெரிய கங்காணிமார் ஆளுக்கு இவ்வளவென்று தலைக்காசு பிடித்ததுபோல, பத்துப் பரப்பும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டால், கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்வது மூன்றில் இரண்டு பங்குதான். இந்தத் தலைக்காசை ஒழிக்கும் மெல்லிய பூச்சை 1935இல் ஸைஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மகுலா கண்டுபிடித்தார். இன்று நடுத்தர விலைக் கண்ணாடிகளிலும் எல்லாப் பரப்புக்கும் பல படலமாக இப்பூச்சு உண்டு. கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான், மடங்கை அல்ல.

மலைநாட்டானுக்கு இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அலுமாரிக்குள் வைத்த சப்பாத்து ஒரு மாதத்தில் பச்சைப் பூஞ்சணம் போர்த்துக்கொண்டு வெளிவரும் இந்தப் பிரதேசத்தில், வில்லைக்குள்ளும் பூஞ்சணம் சிலந்தி வலையாய்ப் படரும். ஆதலால் உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி நீர் புகாதபடி அடைத்ததே வேண்டும். நைட்ரஜன் உள்ளே பார்த்துக்கொள்ளும்; விடியற்காலைக் குளிரில் நம்முடைய மூச்சே வெளிக்கண்ணாடியில் பனியாய்ப் படிவதற்கு அது பரிகாரமாகாது, சட்டை நுனிதான் கதி. மற்றது, மூக்குக்கண்ணாடி போட்டவன் பதினைந்து பதினாறு மில்லிமீட்டர் தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுக்காட்சி தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையேல் சாவித்துவாரத்தினூடாக ஒட்டுப்பார்க்கும் அனுபவமே மிஞ்சும்.

ஈற்றில் அதே 8×42ஐ, முந்நூற்று முப்பத்தாறு மடங்குக்குரிய விலை பேசி, எட்டு மடங்குக்குரிய விலைக்கு வாங்கினேன். அரங்கேற்றம் நுவரெலியாவில், 1897இல் விக்டோரியா மகாராணியாரின் வைர விழாவையொட்டி அவர் பெயர் பெற்ற பூங்காவில் நடந்தது. இமயமலைச் சாரலில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும், ஆறுமணிக் குருவியையும் பார்ப்பதற்கென்றே கடல் கடந்து மனிதர் வருகிறார்கள். அவ்வளவு தூரம் வந்த பறவையும், அவ்வளவு தூரம் வந்த மனிதரும், ரோஜாப் பாத்திகளை விட்டுவிட்டு, பட்டணத்துக் குப்பை மிதக்கும் அழுக்கு ஓடைக்கரையில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். பூச்சியும் புழுவும் அங்கேதானே! மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, என் எத்தனையோ மாதப் பென்சனுக்குச் சமமான ஆஸ்திரியக் கண்ணாடியைச் சாக்கடைக்கு நேரே நீட்டி நின்ற ஒரு வெள்ளைக்காரர், பெருந்தன்மையோடு அதை என்னிடம் தந்தார். அந்தி மயங்கும் வேளை. புதரடியில் ஆறுமணிக் குருவி சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணோரம் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமம், எல்லாம் அதில் தெரிந்தன. என்னுடையதிலும் தெரிந்தன, ஓரங்கள் மட்டும் சற்றுக் கலங்கலாய். பறவை ஓரத்திலா நிற்கப் போகிறது?

நுவரெலியாவில் பைனாகுலரைத் தொங்கப்போட்டவன் உல்லாசப் பிரயாணி; தோட்டத்திலோ அவன் வேறு ஜாதி. எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: அந்தக் காலத்துப் பெரியதுரை, பங்களா விறாந்தையில் சாய்மானக் கதிரையை விட்டெழாமலே, எதிர்மலையில் எத்தனை பேர் கொழுந்தெடுக்கிறார்கள், எவள் வெற்றிலை மடிக்க உட்கார்ந்தாள் என்பதையெல்லாம் இரட்டைக் குழலால் கண்டு, மாலையில் பேர் வெட்டி அன்றைய கூலியை இல்லாமலாக்குவாராம். கண்ணாடிக்கு நல்ல உபயோகம் கண்ட துரைமாரும் இல்லாமலில்லை. மலைநாட்டுத் தோட்டத்துரை டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ், 1935இல் இலங்கையின் பாலூட்டிகளைப் பற்றி ஆதாரமான நூலொன்றை வெளியிட்டார். 1891இல் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து கொழும்பு நூதனசாலையில் பூச்சியியல் பார்த்த ஜீ. எம். ஹென்றி, தாமே வரைந்த சித்திரங்களோடு 1955இல் பிரசுரித்த இலங்கைப் பறவைகள் நூலை இன்றும் புரட்டாத பறவை ரசிகர் இங்கில்லை. ஆயினும் மலையில் நிற்கும் பெண்கள் ஹென்றியை அறிவார்களா? அவர்கள் அறிந்தது பேர் வெட்டிய துரையைத்தான்.

அதனால், சவுக்குமரத்தில் குந்தியிருந்த மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி ஒன்றை நான் கண்ணாடியால் பின்தொடர்ந்து, அது பறந்த வழியே குழலை மெல்லக் கீழே இறக்கியபோது, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நிரை முழுதும் கை ஓய்ந்து நிமிர்ந்தது. "என்ன மாஸ்டர், பென்சன் பத்தலயா? எங்கள எண்ணுற வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்றார் நிரையில் மூத்தவரான அக்கா.

பறவையைத்தான் பார்த்தேன் என்று சாதிப்பதைவிடக் கண்ணாடியையே கையில் கொடுத்துவிடுவது உசிதமென்று பட்டது. அன்று மாலை என் வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றியிருந்த காலமாதலால், மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுகிறதா என்று தேடினார் ஒருவர். சிவனொளிபாதமலைப் பருவகாலமாதலால், இருட்டியதும் மலையேறும் பாதையின் விளக்குச்சரத்தை மணி மணியாய் எண்ணினார்கள் பிள்ளைகள். எதிர்மலைப் பாறையில் புலி படுத்திருப்பதாகக் கத்தினான் ஓர் இளைஞன். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் மெய்யே ஆதலால் எல்லோரும் பதறினோம். எட்டு மடங்கில் பார்த்ததில், அது யாரோ காயப்போட்டுவிட்டு மறந்த கம்பளி.

மூத்த அக்கா மட்டும் குழலை மலைக்கும் வானத்துக்கும் திருப்பாமல், கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இதுல தராசு முள்ளு தெரியுமா?"

"எவ்வளவு தூரத்திலேயிருந்து, அக்கா?"

"நம்ம பீலிக்கரையில இருந்து."

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, மடுவத்திலிருந்து நாற்பது கஜம். நாற்பதை எட்டால் வகுத்து, ஐந்து கஜத்தில் நின்று பார்ப்பதுபோல் தெரியும் என்றேன். கூடைக்கும் ஈரத்துக்குமென்று கழிக்கிற கிலோக்களைப் பற்றி அவர் வேறொன்றும் பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மாலை கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பீலிக்கரையில் நல்ல கூட்டம். ஒருவர் இடுப்பிலும் குடம் இல்லை. மடுவத்துக் கூரையில் உட்கார்ந்த மைனாவை நான் அவதானிப்பதாகப் பேர். குழலைச் சற்றே தாழ்த்தி நான் வாசித்த எண்களை, பக்கத்தில் நின்ற ஒன்பதாந்தரத்துப் பெண்ணொருத்தி கொப்பியில் வரிசையாக எழுதிக்கொண்டாள்.